ட்ரம்ஸுக்குப் பின்னால் ஒரு பெண்

முதல்முறை கேட்டபோது பாடுவது யார் என்றுகூட எனக்குத் தெரியாது. கல்லூரி விடுதியில் அறைத்தோழி ஒருத்தி வைத்திருந்த கேசட் அது. மேலே பேனாவால் எழுதியிருந்த பெயர்கள் விரல் பட்டுப் பட்டு அழிந்திருந்தன. விளக்கை அணைத்த பிறகு, வார்டனுக்குக் கேட்காத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து, டேப் ரெக்கார்டரைத் தலையணை ஓரமாக வைத்துக்கொண்டு கேட்போம். ஓபோ என்ற குழல் வாத்தியம் ஒன்று தயங்கித் தயங்கி ஆரம்பிக்கும். அப்புறம் அந்தக் குரல் வரும். யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நமக்கு மட்டும் கேட்கும்படி ஏதோ சொல்வது போல இருக்கும்.

பெண் குரல் என்றால் மேலே ஏறுவது, ஏறி நின்று மினுங்குவது என்று பழகிப்போன காது எனக்கு. இந்தக் குரல் கீழே போனது. ஒவ்வொரு வரி முடியும்போதும் இன்னும் ஒரு படி இறங்கி, அங்கே பதறாமல் நின்றது. பாடியவர் கேரன் கார்பென்டர் என்றும், அந்தப் பாட்டின் பெயர் 'சூப்பர்ஸ்டார்' என்றும், நான் அதைக் கேட்பதற்குப் பல வருடங்கள் முன்பே அவர் இறந்துபோய்விட்டார் என்றும் பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பாட்டைப் பற்றி இன்னொரு விஷயமும் பிறகு தெரிந்தது. 1971இல் அதைப் பதிவு செய்யும்போது, கேரன் பாடியது ஒரு மாதிரிக்காக மட்டும்தான். வாத்தியக்காரர்களுக்குப் பாட்டின் போக்கு பிடிபடுவதற்காக ஒருமுறை பாடிக்காட்டுவார்களே, அது. வரிகளை அண்ணன் ரிச்சர்ட் ஒரு பேப்பர் நாப்கினில் கிறுக்கிக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்துப் படித்துக்கொண்டே பாடினார். நிதானமாக இன்னொரு நாள் நன்றாகப் பாடிச் சேர்க்கலாம் என்ற எண்ணத்தில் எடுத்தது. அப்புறம் போட்டுக் கேட்டபோது, இதற்கு மேல் சேர்க்க எதுவுமில்லை என்று அப்படியே விட்டுவிட்டார்கள். உலகம் முழுக்க மக்கள் அழுதுகொண்டு கேட்ட அந்தக் குரல், நாப்கினைப் பார்த்து ஒரே தடவையில் பாடியது. அப்போது அவருக்கு வயது 21.

கேரன் பிறந்தது 1950 மார்ச் 2ஆம் தேதி, கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில். ரிச்சர்டுக்கும் அவருக்கும் மூன்றரை வயது வித்தியாசம். அண்ணன் சின்ன வயதிலேயே பியானோவில் அசத்தியவர். அவருடைய இசைக்கு வழி கிடைக்கும் என்று 1963இல் மொத்தக் குடும்பமும் கலிஃபோர்னியாவுக்கு, லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் உள்ள டௌனி என்ற ஊருக்கு, குடிபெயர்ந்தது. அந்த வீட்டில் இசைக்காரன் என்றால் அண்ணன்தான். தங்கைக்குத் தெருவில் பேஸ்பால் விளையாடுவது பிடிக்கும்.

உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி வகுப்பிலிருந்து தப்பிக்கத்தான் பள்ளி பேண்ட் குழுவில் சேர்ந்தார். கையில் க்ளாக்கன்ஸ்பீல் என்ற வாத்தியத்தைக் கொடுத்தார்கள். உலோகப் பட்டைகளைச் சுத்தியலால் தட்டி வாசிப்பது. அவருக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்திலேயே ட்ரம்ஸ் வரிசை நடந்துகொண்டிருந்தது. கண் அங்கேயே இருந்தது. வீட்டுக்கு வந்து, உயரமான முக்காலிகளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, சாப்ஸ்டிக்ஸ் குச்சிகளால் அவற்றைத் தட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் டேவ் ப்ரூபெக் குவார்ட்டெட்டின் ஜாஸ் இசைத்தட்டு ஓடும். ஐந்து, ஏழு, ஒன்பது என்று தாளக்கணக்கு மாறிக்கொண்டே இருக்கிற இசை அது. அதன் ட்ரம்மர் ஜோ மொரெல்லோவை இந்தப் பெண் முக்காலியில் துரத்திக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளிலேயே வீட்டில் நிஜமான ட்ரம்ஸ் வாங்கிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் இது. கேரன் கார்பென்டர் என்றால் பாடகி என்று சொல்கிறோம். அவர் தன்னை 'பாடவும் செய்கிற ட்ரம்மர்' என்றுதான் நினைத்துக்கொண்டார். அப்படியே வெளியிலும் சொன்னார்.

1966இல் ரிச்சர்ட், கேரன், டியூபா மற்றும் பேஸ் வாசிக்கிற ஒரு நண்பர் என்று மூன்று பேராக ஹாலிவுட் பௌல் அரங்கில் நடந்த இசைக்குழுப் போட்டியில் கலந்துகொண்டு வென்றார்கள். ஜாஸ் வாசித்து ஜெயித்தார்கள் என்பதையும், ட்ரம்ஸில் உட்கார்ந்திருந்தது 16 வயதுப் பெண் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். ஆர்.சி.ஏ. என்ற இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது, கொஞ்ச நாளில் கைவிட்டது. அதே வருடம் ஜோ ஆஸ்போர்ன் என்ற பேஸ் கிடார் கலைஞரின் வீட்டு கராஜில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் கேரனின் குரல் பதிவானது. லாங் பீச் கல்லூரியில் பாடகர் குழுவை நடத்திய ஃப்ராங்க் பூலர், குரலை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லிக் கொடுத்தார். குரலை மாற்றச் சொல்லாத ஆசிரியர் கிடைப்பது பெரிய பாக்கியம்.

1969 ஏப்ரலில் ஏ அண்ட் எம் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஹெர்ப் ஆல்பர்ட், 'கார்பென்டர்ஸ்' என்ற பெயரில் அண்ணன் தங்கை இருவரையும் எடுத்துக்கொண்டார். கேரனுக்கு 19 வயது. பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. முதல் ஆல்பம் சரியாகப் போகவில்லை. அடுத்த வருடம் பர்ட் பக்கராக் இசையமைத்து ஹால் டேவிட் எழுதிய ஒரு பழைய பாட்டை ஆல்பர்ட் எடுத்துக் கொடுத்தார். 'க்ளோஸ் டு யூ'. மற்றவர்கள் பாடி, பெரிதாக யார் காதிலும் விழாமல் போன பாட்டு. 1970 ஜூலையில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போய் நான்கு வாரம் அங்கேயே இருந்தது. அதற்கடுத்து வந்த 'வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்', ஒரு வங்கி விளம்பரத்துக்காக எழுதப்பட்ட மெட்டு. தொலைக்காட்சியில் அந்த விளம்பரத்தைப் பார்த்த ரிச்சர்ட், இதற்கு முழுப் பாட்டு இருக்கிறதா என்று விசாரித்து வாங்கினார். அமெரிக்காவில் அது கல்யாணப் பாட்டாகவே ஆகிவிட்டது. 1971 மார்ச்சில் இரண்டு கிராமி விருதுகள்.

சரி, இந்தப் பாட்டுகளில் அப்படி என்னதான் இருக்கிறது? ஹெட்ஃபோன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். முதலில் பின்னணியில் வரும் கூட்டுக்குரல்களைக் கவனியுங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் பாடுவது போல இருக்கும். எல்லாம் இந்த அண்ணனும் தங்கையும்தான். ஒரு குரலைப் பதிவு செய்து, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கியது. ஒரே குடும்பத்து ரத்தம், ஒரே மாதிரி உச்சரிப்பு. விளிம்பே தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். ரிச்சர்டின் கைவேலை அது. அவரைப் பற்றி எத்தனை குறை சொன்னாலும் இந்தக் காதுக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

அப்புறம் நடுவில் இருக்கிற அந்த ஒற்றைக் குரல். கேரனால் மேலேயும் பாட முடியும். ஆனால் காசு இருப்பது பாதாள அறையில்தான் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. அதாவது கீழ் ஸ்தாயியில். மைக்குக்கு மிக நெருக்கமாக நின்று, ஏறக்குறைய பேசுகிற சத்தத்தில் பாடியிருப்பார். மூச்சு எடுப்பது கேட்கும். அடுத்த வரிக்கு முன்னால் உதடு பிரிகிற சத்தம்கூடக் கேட்கும். கீழ் ஸ்வரத்தில் அழுத்தமாகப் பாடினால் சாதாரணமாகக் குரல் கரகரக்கும், இல்லை காற்றாகிவிடும். இவருக்கு அங்கேதான் நிறம் கூடும்.

இன்னும் கூர்ந்து கேட்டால் ட்ரம்மரும் கேட்பார். வரியை எங்கே தொடங்குவது என்பதில் இருக்கிறது விஷயம். தாளத்தின் மேல் அப்படியே ஏறி உட்காராமல், முடி அளவு பின்னால் வந்து சேர்வார். தாளத்தை விட்டுவிடவும் மாட்டார். 'ரெய்னி டேஸ் அண்ட் மண்டேஸ்' பாட்டில் சோகத்தை வரவழைப்பது மெட்டு மட்டும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் ஒரு கணம் தாமதமாக, அலுப்போடு வந்து விழுகிறது. அழுகிற குரலில் ஒரு இடம்கூட இல்லை. அடித்து அடித்துப் பழகிய கைக்குத்தான் அந்தக் கணத்தின் நீளம் தெரியும் என்று நான் நம்புகிறேன்.

1972இல் வந்த 'குட்பை டு லவ்' பாட்டையும் சொல்லாமல் போக முடியாது. மெதுவான காதல் தோல்விப் பாட்டு. நடுவில் டோனி பெலூசோ என்ற இளைஞர் கரகரவென்று கிழிக்கிற மின் கிடாரோடு உள்ளே வருவார். ராக் இசைக்கு விலைபோய்விட்டீர்கள் என்று ரசிகர்கள் கோபித்துக் கடிதம் எழுதினார்களாம். இன்றைக்குக் கேட்டால், அத்தனை வருடம் அடக்கிப் பாடிய குரல் கடைசியில் கிடாரின் வாயால் கத்துவதுபோலத்தான் எனக்குக் கேட்கிறது.

இனிமேல் வருவது கஷ்டமான பகுதி.

கேரனின் உயரம் சுமார் 163 சென்டிமீட்டர். ட்ரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ட்ரம்களுக்கும் தாளத்தட்டுகளுக்கும் நடுவே தலை மட்டும்தான் தெரியும். பாடுகிறவர் யாரென்று தெரியாமல் கூட்டம் மேடையில் தேடும். முன்னால் வந்து நின்று பாடு என்று நிறுவனமும் மேலாளர்களும் சொன்னார்கள், விமர்சகர்களும் எழுதினார்கள். அவருக்கு இஷ்டமே இல்லை. முதலில் சில பாடல்களுக்கு மட்டும் எழுந்து வந்தார். பிறகு பாதி நிகழ்ச்சிக்கு. 1973இல் மேடையில் வாசிப்பதற்கென்றே கப்பி ஓ'ப்ரையன் என்ற ட்ரம்மரை வைத்துக்கொண்டார்கள். இசைத்தட்டுகளில் முக்கியமான பாடல்களுக்கு ஏற்கெனவே ஹால் பிளேன் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் பெரிய மேதை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 1975இல் 'பிளேபாய்' பத்திரிகை நடத்திய வாசகர் வாக்கெடுப்பில் அந்த வருடத்தின் சிறந்த ட்ரம்மராக மக்கள் தேர்ந்தெடுத்தது கேரனை. லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் ட்ரம்மர் ஜான் போனமை எல்லாம் தாண்டி. அந்தச் செய்தி வந்தபோது அவர் பெரும்பாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நீள கவுன் போட்டுக்கொண்டு, மேடையின் நடுவில் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தார்.

ட்ரம்ஸை விட்டு எழுப்பியதால்தான் அவருக்கு அனோரெக்ஸியா, அதாவது குண்டாகிவிடுவோமோ என்று சாப்பிடவே பயப்படுகிற அந்த நோய், வந்தது என்று நான் சொல்லவரவில்லை. அப்படி ஒற்றைக் காரணம் சொல்கிற நோய் இல்லை அது. ஆனால் ட்ரம்ஸ் அவருக்கு வேலை செய்கிற இடமாக இருந்தது. கை, கால், காது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது உடம்பைப் பற்றி நினைக்க நேரமில்லை. முன்னால் வந்து நின்றவுடன் அதே உடம்பு மற்றவர்கள் பார்க்கிற பொருளாகிவிட்டது. அந்த வித்தியாசம் சாதாரணமானது இல்லை.

17 வயதில் ஒரு மருத்துவர் சொல்லி அவர் முதன்முதலாக டயட் இருந்தார். 1973 வாக்கில் ஒரு கச்சேரியில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து, தான் குண்டாகத் தெரிவதாக மனதில் பட்டுவிட்டது. சாப்பாடு குறைந்தது. முதலில் எல்லோரும் பாராட்டினார்கள். ரொம்ப அழகாக இளைத்துவிட்டாய் என்றார்கள். 1975இல் மேடைக்கு அவர் வரும்போது கூட்டத்தில் மூச்சை இழுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அந்த வருடம் பிரிட்டனிலும் ஜப்பானிலும் நடக்கவிருந்த கச்சேரிகளை ரத்து செய்துவிட்டுப் படுக்கையில் கிடந்தார். களைப்பு என்று அறிவித்தார்கள். அனோரெக்ஸியா என்ற சொல் மருத்துவப் புத்தகங்களில் நூறு வருடமாக இருந்தது. வீடுகளுக்குள் இன்னும் வரவில்லை.

அவருடைய எடை எவ்வளவு ஆனது என்ற எண்களை நான் எழுதப்போவதில்லை. அவை எல்லா இடத்திலும் கிடைக்கின்றன. ஆனால் இந்த நோயோடு இருப்பவர்களுக்கு அந்த எண்கள் எட்டிப்பிடிக்க வேண்டிய மதிப்பெண்ணாக மாறிவிடும். இதை எனக்குச் சொன்னது என் சித்தி மகள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். பதினெட்டு, பத்தொன்பது வயதில் அவள் எங்களோடு சில மாதங்கள் தங்கியிருந்தாள். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது, "அக்கா, இதைக் கொஞ்சம் சாப்பிட்டுப் பாரேன், நல்லாயிருக்கு" என்று தன் தட்டிலிருந்து எடுத்து என் தட்டில் வைப்பாள். அப்புறம் என் அம்மா தட்டில். அப்புறம் அப்பா தட்டில். எவ்வளவு பாசமான பெண் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். அவள் தட்டு காலியாகிவிடும். வாயில் ஒன்றும் போயிருக்காது. வெயில் காலத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சட்டை போட்டிருப்பாள். அழைத்துப் போய்க் காட்டிய முதல் மருத்துவர் வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார்.

பல வருடங்கள் கழித்து கேரனோடு பழகியவர்கள் சொன்னதைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். ஓட்டலில் எல்லோரோடும் உட்கார்ந்து விதவிதமாக ஆர்டர் செய்வாராம். ரொம்ப ருசி, நீ கொஞ்சம் எடுத்துக்கொள், நீ கொஞ்சம் எடுத்துக்கொள் என்று மேசையைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே வருவாராம். கடைசியில் தட்டு காலியாக இருக்கும். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு சித்தி மகளுக்கு ஃபோன் செய்தேன். "நாங்கள் எல்லோரும் அதையேதான் செய்வோம், அக்கா" என்றாள். நாங்கள் என்று அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் உடம்பு சரியில்லை. ரிச்சர்ட் தூக்க மாத்திரைக்கு அடிமையாகிவிட்டார். 1979 தொடக்கத்தில் டொபீகா நகரில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்து அதிலிருந்து மீண்டார். அண்ணன் ஓய்வில் இருந்த அந்த வருடத்தில்தான், கேரன் நியூயார்க்குக்குப் போய் ஃபில் ரமோன் என்ற தயாரிப்பாளரோடு தனியாக ஒரு ஆல்பம் செய்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, எந்தப் பாட்டு, எந்தச் சுருதி, எப்படிப் பாடுவது என்று அண்ணன் இல்லாமல் அவரே முடிவு செய்தார். டிஸ்கோ சாயல், கொஞ்சம் மேல் ஸ்தாயி, கொஞ்சம் துணிச்சலான வரிகள். தன் கையிலிருந்தும் பெரும் பணத்தை அதில் போட்டார்.

1980இல் ஆல்பத்தை நிறுவனத்தாருக்கும் ரிச்சர்டுக்கும் போட்டுக் காட்டினார்கள். யாருக்கும் பிடிக்கவில்லை. வெளியிட வேண்டாம் என்று முடிவானது. அவர் சண்டை போடவில்லை. பெட்டியில் போட்டு மூடிவிட்டு, அண்ணனோடு சேர்ந்து அடுத்த கார்பென்டர்ஸ் ஆல்பத்துக்குப் பாடப் போனார். அந்தத் தனி ஆல்பம் எல்லாமே அற்புதம் என்று நான் சொல்ல மாட்டேன். சில பாட்டுகள் அவருக்குப் பொருந்தவே இல்லை. ஆனால் 30 வயதான ஒரு பெண் தன் பணத்தில் தானே செய்து பார்த்த ஒன்று, நன்றாக இல்லாமல் போகிற உரிமையோடாவது வெளியே வந்திருக்கலாம். அது வெளியானது 1996இல். அதை அவர் யாருக்குச் சமர்ப்பித்திருந்தார் தெரியுமா? அண்ணன் ரிச்சர்டுக்கு, முழு மனதோடு.

1980 ஆகஸ்டில் கல்யாணம் நடந்தது. அடுத்த வருடமே பிரிந்துவிட்டார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

1982இல் அவரே நியூயார்க்குக்குப் போனார். தனக்கு வந்திருப்பது நோய் என்று ஒப்புக்கொண்டு, ஸ்டீவன் லெவன்க்ரான் என்ற மனநல சிகிச்சையாளரிடம் வாரத்துக்கு ஐந்து நாள் போனார். நடுவில் ஏப்ரலில் கலிஃபோர்னியா வந்து பாடினார். அப்போது பதிவான 'நௌ' என்ற பாட்டு அவர் இறந்த பிறகுதான் வெளிவந்தது. அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் எப்படி வந்தது என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் திகைக்கிறேன். குரல் மெலியவே இல்லை. செப்டம்பரில் நியூயார்க்கின் லெனாக்ஸ் ஹில் மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியாக ஊட்டம் ஏற்றினார்கள். எடை வேகமாகக் கூடியது. நவம்பரில் வீடு திரும்பினார். எல்லோரும் நிம்மதியானார்கள். பட்டினியில் பழகிய இதயத்துக்கு எடை திடீரென்று ஏறுவதும் ஒரு சுமைதான் என்பதை இன்று மருத்துவர்கள் வெகு கவனமாகப் பார்க்கிறார்கள்.

அந்த டிசம்பரில் கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில், தன் ஞானப்பிள்ளைகளுக்காகவும் அவர்கள் வகுப்புக் குழந்தைகளுக்காகவும் கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடினார். வெளியார் முன்னால் அவர் பாடியது அதுதான் கடைசி. 1983 பிப்ரவரி 4ஆம் தேதி காலை, டௌனியில் பெற்றோர் வீட்டு மாடியில் துணி அலமாரி அறையில் விழுந்து கிடந்தவரை அம்மா பார்த்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பத்து மணி ஆவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது 32. விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டிய நாள் அது.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் ஒரு சொல் இருந்தது: எமெட்டின். இபிகாக் என்ற செடியின் வேரிலிருந்து எடுக்கிற சிரப்பில் இருக்கும் பொருள். அந்தக் காலத்தில் அமெரிக்க வீடுகளின் முதலுதவிப் பெட்டியில் இந்த சிரப் இருக்கும். குழந்தை தெரியாமல் விஷப்பொருளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைப்பதற்காக. மருந்துச்சீட்டு இல்லாமலே கடையில் கிடைத்தது. எமெட்டின் உடம்பை விட்டு லேசில் போகாது. இதயத் தசையில் சேர்ந்து சேர்ந்து அதை மெல்லப் பலவீனமாக்கும். குழந்தைகளைக் காப்பாற்ற வைத்திருந்த பாட்டில், சாப்பிடப் பயந்த பெண்களின் கைக்குப் போயிருந்தது. 2003இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், இதை இனி வீடுகளில் வைத்திருக்க வேண்டாம் என்றது. இன்று அந்த பாட்டில் ஏறக்குறைய காணாமலே போய்விட்டது.

கேரன் இறந்த அந்த வாரத்தில்தான் அனோரெக்ஸியா என்ற சொல் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வந்தது. அதுவரை பிடிவாதம், பணக்கார வீட்டுச் செல்லம், அழகுப் பைத்தியம் என்றெல்லாம் சொல்லப்பட்ட ஒன்று, ஆளைக் கொல்லும் நோய் என்று சாதாரணக் குடும்பங்களுக்குத் தெரிந்தது. என் மகளுக்கும் இதுதானோ என்று பெற்றோர் மருத்துவர்களிடம் ஓடினார்கள். குடும்பம் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கியது. அவர் பாடிய எந்தப் பாட்டைவிடவும் அதிகம் பேர் உயிரைத் தொட்டது அந்தச் செய்தி என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்த வாக்கியம் பிடிப்பதில்லை. ஒருவர் செத்துத்தான் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டுமா?

பாட்டுகளுக்கு என்ன ஆயிற்று என்பதும் ஒரு கதைதான். அவர் உயிரோடு இருந்தவரை கார்பென்டர்ஸ் என்றால் 'சர்க்கரைப் பாகு' என்று நாகரிகமான ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். 1973 மே மாதம் வெள்ளை மாளிகைக்கு அதிபர் நிக்ஸன் கூப்பிட்டுப் பாடவைத்ததை வைத்தே பலர் அவர்களை ஒதுக்கினார்கள். 1994இல் அடுத்த தலைமுறை ராக் குழுக்கள் சேர்ந்து அவர்களுக்காக ஒரு அஞ்சலி ஆல்பம் செய்தார்கள். அதில் சோனிக் யூத் என்ற சத்தக்காரக் குழு 'சூப்பர்ஸ்டார்' பாட்டை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய முணுமுணுத்துப் பாடியது. இனிப்புக்கு அடியில் எவ்வளவு தனிமை இருக்கிறது என்பது அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. ஜப்பானில் 1995இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் கார்பென்டர்ஸ் பாட்டுகளைப் பயன்படுத்தியதும், கேரன் இறந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள் கடைகளில் வரிசையில் நின்று அவர் ஆல்பத்தை வாங்கினார்கள்.

ஜப்பான் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அங்கே ஒரு பத்திரிகையாளர் 'லீட் சிங்கர்' என்று சொல்லவந்து 'லீட் சிஸ்டர்' என்று சொல்லிவிட்டாராம். முதன்மைப் பாடகி, முதன்மைத் தங்கை ஆகிவிட்டார். கேரனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அந்த வார்த்தைகளை அச்சடித்த பனியனை 1976இல் ட்ரம்ஸ் வாசிக்கும்போது போட்டுக்கொள்வார்.

என் சித்தி மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். நன்றாக என்றால், பத்து வருடப் போராட்டத்துக்குப் பிறகு, சில நாட்கள் கஷ்டமாகவும் பல நாட்கள் சாதாரணமாகவும். போன மாதம் ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். கேரன் ட்ரம்ஸ் வாசிக்கிற பழைய நிகழ்ச்சி. சுற்றிலும் விதவிதமான ட்ரம்ஸ் செட்டுகள். ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவித் தாவி வாசிக்கிறார். கைகள் மெலிந்திருக்கின்றன, அது தெரிகிறது. நோய் வந்து இரண்டு வருடமாவது ஆகியிருக்கும். ஆனால் அந்த மூன்று நான்கு நிமிடமும் அவர் தன்னைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைத் தேடுகிற கண் இல்லை அது. குச்சி இந்த ட்ரம்மில் இருக்கும்போதே கண் அடுத்த ட்ரம்முக்குப் போய்விடுகிறது. கடைசி அடியை அடித்துவிட்டு, முன்நெற்றி முடியை ஊதித் தள்ளிவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிக்கிறார்.

வீடியோவுக்குக் கீழே அவள் ஒரு வரி எழுதியிருந்தாள். "அக்கா, சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளு."